கட்டுவதும் பிரிப்பதும்



அட்டையில் செங்காந்தளைப் பார்த்ததும், உள்ளே இலக்கியக் கட்டுரை ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். இருப்பது செல் உயிரியல். நம் மாநில மலரில் உள்ள நஞ்சு, நம் உடலின் செல்களுக்குள் நடக்கும் ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்த கதைதான் இந்த இதழின் மையப்பொருள்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து வாசகர்களுக்குச் செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே வளைந்து, பக்கவாட்டில் விலகி நிற்கும். மகரந்தம் தானாக அதைச் சேர்வது அரிது. அதனால் காலை வேளையில் ஆட்கள் தோட்டத்துக்குள் இறங்கி, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். இவ்வளவு பாடும் விதைக்காக. விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள். யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு இன்றும் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து அது.

கோல்ச்சிசின் பட்டால் செல் பிரிவது நின்றுவிடும் என்பது 1930களிலேயே தெரிந்திருந்தது. குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்து இழுக்கும் இழைகள் கலைந்துபோக, அவை நடுவழியில் நின்றுவிடும். நின்றவற்றை எண்ணுவது எளிது. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதை 46 என்று திருத்தி, 1956இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் வெளியிட்ட ஆய்வில் கோல்ச்சிசினுக்கும் பங்கு உண்டு.

செல்லுக்குள் அது எதைப் போய்ப் பிடிக்கிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லரும் அவருடைய மாணவர் கேரி போரிசியும் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த கோல்ச்சிசினைப் பலவகைச் செல்களிலும் திசுக்களிலும் சோதித்து, 1967இல் விடை சொன்னார்கள். பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் அது ஒட்டியதில் வியப்பில்லை. மூளைத் திசுவிலும் மிகுதியாக ஒட்டியதுதான் புதிர். வளர்ந்த நரம்புச் செல்கள் பிரிவதே இல்லையே! அங்கே அதற்கு என்ன வேலை?

கோல்ச்சிசின் பிடித்தது ஒரு புரதத்தை. அடுத்த ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர் ஹிதியோ மோரி அதற்கு ட்யூபுலின் என்று பெயரிட்டார். ஆல்ஃபா, பீட்டா என இரண்டு ட்யூபுலின்கள் சேர்ந்து ஒரு ஜோடி. ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நீள்வரிசை ஆகின்றன. பெரும்பாலும் 13 வரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரு நுண்குழல். அதன் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். செல்லுக்கு உருவம் தருவதும், பிரியும்போது குரோமோசோம்களை இழுப்பதும், சரக்கு போகப் பாதை ஆவதும் இந்தக் குழல்கள்தான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 1984இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் சொன்ன செய்தி. ஒரே கரைசலில் சில குழல்கள் வளர்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே வேறு சில மளமளவென்று சிதைகின்றன. ட்யூபுலின் ஜோடி சேரும்போது ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறைத் தாங்கி வருகிறது. அது செலவாகாத ஜோடிகள் நுனியில் இருக்கும்வரை குழல் நிற்கும்; அந்த மூடி போனால் சரியும். கட்டட வேலையில் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்து, வேறு பக்கம் கட்டுவதுபோல, செல்லும் தன் குழல்களை ஓயாமல் கட்டிப் பிரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த ஓட்டத்தை எந்தப் பக்கம் தடுத்தாலும் செல்லால் பிரிய முடியாது. புற்றுநோய் மருத்துவம் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், குழல் கட்டப்படுவதைத் தடுக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அது முக்கியமான மருந்து. அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையில் மன்றோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் கண்டெடுத்த டாக்ஸால் நேர்மாறானது. அது குழலைப் பிரியவிடாமல் இறுக்கிவிடுகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். ஒன்று கட்டவிடாது, மற்றது பிரிக்கவிடாது. இரண்டுக்கும் பலன் ஒன்றே.

இப்போது மூளைப் புதிருக்கு வருவோம். இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து பாதம்வரை போகும் நரம்பிழை ஒன்று சுமார் ஒரு மீட்டர் நீளம். நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன. 1985இல் கண்டறியப்பட்ட கைனசின் என்ற மோட்டார் புரதம், நுண்குழலைப் பற்றியபடி அடிக்கு 8 நானோமீட்டராக நடந்து அந்தச் சரக்கைச் சுமந்து போகிறது. நரம்புச் செல் பிரியாவிட்டாலும், குழல் இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை.

கீமோ எடுப்பவர்கள் சிலருக்கு விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மரத்துப்போவது ஏன் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. வின்கிறிஸ்டினும் டாக்ஸாலும் புற்றுச் செல்லை மட்டும் தேடிப் போவதில்லை. முடி வேரின் வேகமாகப் பிரியும் செல்கள் அடிபடுவதால் முடி கொட்டுகிறது. நீண்ட நரம்புகளின் குழல்கள் அடிபடுவதால் முதலில் கைகால் நுனிகள் மரக்கின்றன.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். கண்வலிக்கிழங்கை வீட்டு வைத்தியம் என்று யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள். மருந்தாகும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தவறி விழுங்கிவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்தது, உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்து, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, காலில் செருப்பு நழுவுவது தெரியாமல் நடந்தாலோ, "மருந்துன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு தெரிந்தால் மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற அவரால் முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்