மெடிக்கல் சீட்டுக்கு சிபாரிசுக் கடிதமா?

1/ கவுன்சிலிங் சீசன் வந்தாலே ஓபி-ல கேக்குறாங்க: "டாக்டர், அமைச்சர்கிட்ட லெட்டர் வாங்கினா கவர்ன்மென்ட் எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்குமா?"

கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

2/ ஒரு காலத்துல தமிழ்நாட்டுல மெடிக்கல் சேர்க்கைக்கு இன்டர்வியூ இருந்துச்சு. அதுக்கு 75 மார்க். எதுக்கு எவ்வளவுன்னு பிரிக்காம மொத்தமா போட்டாங்க. அது தப்புன்னு பெரியகருப்பன் வழக்குல 1970-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சிபாரிசு நுழையுற சந்தே அதுதான். இப்போ ரேங்க் லிஸ்ட் எல்லாரும் பாக்குற மாதிரி வெப்சைட்ல வருது.

3/ பெரிய மனுஷர் கடிதம் உங்க பிள்ளையோட திறமையைச் சொல்லாது. அப்பாவுக்கு யாரைத் தெரியும்னுதான் சொல்லும். யாரையுமே தெரியாத கூலித் தொழிலாளி மகளுக்கு இருக்குற ஒரே சிபாரிசு அவளோட மார்க். அதுக்கு மேல உங்க லெட்டரை வைக்காதீங்க.

4/ அலையுற நேரத்துல சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் சரியா இருக்கான்னு பாருங்க.