முருங்கைப்பூ உதிர்ந்தால் எத்தனை மார்க்?

தோட்டக்கலை படிக்கிறேன் என்றால், "பூச்செடிக்குத் தண்ணி ஊத்தவா நாலு வருஷம்?" என்று கேட்பவர்கள் உண்டு மக்களே. அதை விட்டுவிடலாம். போன லீவில் அப்பத்தா கேட்டதைத்தான் விட முடியவில்லை. "ஏன்டா, முருங்கையில பூவா கொட்டுதே, என்ன செய்ய?"

பெரியகுளத்தில் உருவாகி 1989-ல் வெளியான பி.கே.எம்-1 முருங்கை பற்றி ஒரு பக்கம் எழுதுவேன். போத்து வேண்டாம், விதைத்தால் போதும், 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளணும்; ஆறேழு மாதத்தில் காய். ஆனால் மரத்தடியில் நின்றபோது வாய் வரவில்லை. கடைசியில் அப்பத்தாவே, "தண்ணி கூடிப்போச்சு போல, குறைச்சுப் பாப்போம்" என்றார். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் பூ உதிரும் என்பது என் நோட்டிலேயே இருந்தது!

விவசாயிகளோடு தங்கிக் கற்கும் 'ராவே' பயிற்சி எங்களுக்கு நாலாம் வருஷம்தான். அதற்குள் பாதிப்பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறோம். குறை சொல்லவில்லை, நானும்தான் படிக்கிறேன். வேலை வேண்டுமே.

என் கட்சி இதுதான்: முதல் வருஷமே பத்து நாளாவது காட்டுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து கேள்வியோடு வகுப்புக்கு வந்தால், பாடம் பரீட்சைக்குப் பிறகும் நிற்கும்.

நீங்க என்ன சொல்றீங்க?