கழனி வித்த காசும் கூடைப்பந்து அணியும்

இந்த வலைப்பூவுல வழக்கமா ஏரி, நெல், மாடுன்னுதான் எழுதுவேன். இன்னைக்குக் கூடைப்பந்து. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

சுங்குவார்சத்திரத்தைச் சுத்தி வாடகை ரூம்ல தங்கி ஷிஃப்டுக்குப் போற பசங்க நிறைய. என் அக்கா மகன் அதுல ஒருத்தன். அவனும் ரூம்ல இருக்கற ரெண்டு பேரும் 'பஸ்ஸர்பீட்டர்'னு ஒரு இணைய விளையாட்டுல ஆளுக்கொரு கூடைப்பந்து அணி எடுத்தாங்க. நானும் சில சீசனா அதுல ஒரு அணி வச்சிருக்கேன். இதுல பந்தை நாம போடறது இல்லை. ஆளை ஏலத்துல எடுக்கறது, விக்கறது, பயிற்சி குடுக்கறது, யார் எந்த இடத்துல ஆடணும்னு முடிவு பண்றது, அரங்கத்துக்கு டிக்கெட் விலை வைக்கறதுதான் நம்ம வேலை. காசு கட்டாமலே ஆடலாம். ஒரு சீசன் 14 வாரம். நவரைக்குப் போடற குறுகிய கால நெல்லும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள்தான்.

மூணாவது வாரமே மருமகன் வந்து, "மாமா, எல்லா ஆட்டமும் தோக்கறேன், கையில இருக்கற காசுக்கு ஒரு பெரிய ஆளா எடுத்துடவா?"ன்னு கேட்டான். இந்தப் பதிவு அவனுக்கும், அவனை மாதிரி புதுசா அணி எடுக்கற எல்லாருக்கும்.

என் கருத்து இதுதான்: முதல் சீசன்ல ஜெயிக்கறதுக்காகச் செலவு பண்ணாதீங்க.

ஆரம்பிக்கும்போது கணக்குல ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்ததும் முப்பது வயசைத் தாண்டின நட்சத்திர ஆட்டக்காரனை ஏலத்துல எடுக்கத் தோணும். நாலு ஆட்டம் ஜெயிப்பீங்க. ஆனா வாரா வாரம் சம்பளம் குடுக்கணும். வயசான ஆளு பயிற்சியில வளர மாட்டான், சீசனுக்குச் சீசன் விலையும் இறங்கும். கணக்கு மைனஸ்ல போய் அப்படியே நின்னா அணியே கையை விட்டுப் போயிடும்.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்க பக்கம் நிலத்துக்கு வந்த விலை உங்களுக்குத் தெரியும். கழனியைக் குடுத்துட்டு அந்தக் காசுல முதல்ல கார் எடுத்தவங்களும் இருக்காங்க, நாலு வாடகை ரூம் கட்டினவங்களும் இருக்காங்க. கார் எடுத்தவங்க டீசலுக்கும் தவணைக்கும் மாசா மாசம் குடுத்தாங்க. ரூம் கட்டினவங்களுக்கு மாசா மாசம் வந்துச்சு. விளையாட்டுல அந்த வாடகை ரூம்தான் அரங்கத்து இருக்கை. கையில காசு இருந்தா முதல்ல இருக்கையைக் கூட்டுங்க, டிக்கெட் விலையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. போட்ட பணம் திரும்பி வர மாசக்கணக்கு ஆகும். ஆனா வர ஆரம்பிச்சா நிக்காது.

அடுத்தது பயிற்சி. புதுசா வர்றவங்க கோட்டை விடறது இங்கதான். ஒரு வாரத்துக்கு ஒரு திறமையைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்க முடியும். அந்த வாரம் அந்தக் குறிப்பிட்ட இடத்துல ஆடினவங்களுக்குத்தான் அந்தப் பயிற்சி சேரும். முழுசா சேரணும்னா 48 நிமிஷம் ஆடியிருக்கணும். ஒரு ஆட்டமே 48 நிமிஷம்தான். வாரத்துக்கு மூணு ஆட்டம்னு வச்சாலும் ஒரே இடத்துக்குப் பயிற்சி குடுத்தா மூணு பேரைத்தான் முழுசா வளர்க்கலாம். அதனால பன்னிரண்டு பேரையும் வளர்க்கப் பார்க்காதீங்க. 18, 19 வயசுப் பசங்க மூணு பேரைப் பிடிங்க. நாத்தங்கால் சின்னதா இருந்தாதான் தண்ணி கட்ட முடியும்.

அதோட, ஒருத்தனையே எல்லா ஆட்டத்துலயும் முழு நேரம் ஓட விடாதீங்க, உடல் நிலை இறங்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆடினா போதும்.

'உயரமான ஆளா எடுத்துட்டா போதாதா?'ன்னு கேப்பீங்க. பஞ்சாப்ல பல்லோ கே-ன்னு ஒரு கிராமம். அங்க விவசாயக் குடும்பத்துல பிறந்தவர் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். 2010-ல அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனார். 2015-ல டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-வது ஆளா அவரைத் தேர்ந்தெடுத்துச்சு. என்பிஏ தேர்வுல இடம் பிடிச்ச முதல் இந்தியர். நம்மள மாதிரி ஊர்ல இருந்து அவ்வளவு தூரம் போனது பெரிய சாதனை. ஆனாலும் என்பிஏ லீக்ல ஒரு ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்ப்பு வரலை. உயரத்தைத் தாண்டியும் அங்க நிறைய கேக்கறாங்க.

இந்த விளையாட்டுலயும் அதே கதைதான். உயரமான பையன் கூடைக்குக் கீழே ஆடற திறமைகளைச் சீக்கிரம் கத்துப்பான்; பந்தைத் தட்டிக்கிட்டு ஓடறது, தூரத்துல இருந்து எறியறது எல்லாம் மெதுவாத்தான் வரும். குட்டையான பையனுக்கு இது தலைகீழ். ஒவ்வொருத்தனுக்கும் இவ்வளவுதான் வளர முடியும்னு ஒரு எல்லையும் எழுதியிருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி வயசு, உயரம், அந்த எல்லை மூணையும் சேர்த்துப் பாருங்க.

'தோத்துக்கிட்டே இருந்தா யாருக்குப்பா ஆட மனசு வரும்?'னு மருமகனோட ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. தொடர்ந்து தோத்தா ரசிகர்கள் குறைவாங்க, டிக்கெட் காசும் குறையும். அதனால எல்லாத்தையும் விட்டுக் குடுக்கச் சொல்லலை. ஆனா புது அணி இருக்கறது கடைசிப் பிரிவு. அதுக்குக் கீழே இறங்க இடமே இல்லை. உயரமான சென்டருக்குப் பந்து கடத்தக் கத்துக் குடுக்கணும்னா அவனைக் கொஞ்ச நாள் பாயிண்ட் கார்டு இடத்துல ஆட விடணும். அந்த ஆட்டம் போனாலும் போகும். மேல் பிரிவுக்குப் போயிட்டா அந்தச் சோதனையைச் செய்ய முடியாது, கீழே தள்ளிடுவாங்க. பசங்களை வளர்க்கத் தோதான காலம் இதுதான்.

இதே காரணத்தால ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'உயிரைக் குடுத்து ஆடு'ன்னு கட்டளை போடாதீங்க. அப்படி ஆடினா அணியோட உற்சாகம் அடுத்தடுத்த ஆட்டத்துக்கு இறங்கிடும். சுலபமான எதிரி வரும்போது நிதானமா ஆடச் சொல்லி உற்சாகத்தைச் சேர்த்து வைங்க.

இன்னொரு எச்சரிக்கை. திறமை ஏறினா அடுத்த சீசன் தொடக்கத்துல சம்பளமும் ஏறும். மூணு பசங்களும் ஒண்ணா வளர்ந்தா ஒருத்தனை வித்து மத்த ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்க வேண்டி வரலாம். விக்கறது தப்பில்லை. விதைநெல்லை மட்டும் விக்காதீங்க: அந்த இடத்துக்கு அடுத்த 18 வயசுக்காரனை உடனே கொண்டு வாங்க.

மருமகன்கிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். சீசன் முடியும்போது பட்டியல்ல எத்தனாவது இடம்னு பார்க்காதீங்க. மூணு விஷயத்தைப் பாருங்க. கணக்குல பணம் மிச்சம் இருக்கா? அரங்கத்துல இருக்கை கூடியிருக்கா? பயிற்சி குடுத்த மூணு பசங்க போன சீசனைவிட நல்லா ஆடறாங்களா? மூணுக்கும் ஆமான்னா, அடுத்த சீசன்ல ஜெயிக்கப் பாருங்க.