ரயில் பாதைக்கும் குடிமராமத்து வேண்டும்

பாரம்பரிய ரயில்களை ஹைட்ரஜனில் ஓட்டப்போகிறார்களாம். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025 ஜூலையில் முதல் ஹைட்ரஜன் பெட்டியைச் சோதித்துப் பார்த்ததிலிருந்து ரயில்வே வட்டாரத்தில் இதே பெருமைதான். 'பாரம்பரியத்துக்கு ஹைட்ரஜன்' என்பது திட்டத்தின் பெயர். மலைப் பாதைகளிலும் பாரம்பரியப் பாதைகளிலும் 35 ரயில்கள். ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய். அதுபோக, ஒவ்வொரு வழித்தடத்திலும் தரைக் கட்டமைப்புக்கு 70 கோடி. அமைச்சகமே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது.

இந்தக் கணக்கை நீலகிரிக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். ஒரே ஒரு ரயில் விட்டாலும் 150 கோடி. கிலோமீட்டருக்கு 3 கோடியே 26 லட்சம்! அறிவித்த கணக்கில் ரயில் இருக்கிறது, எரிபொருள் ஏற்பாடு இருக்கிறது. பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. 2005-இல் யுனெஸ்கோ நீலகிரி ரயிலைப் பட்டியலில் சேர்த்தபோது எதைப் பார்த்துச் சேர்த்தது? கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்சட்டம் பதித்து, 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ரயில் மலையேறும் அந்தப் பாதையைத்தான். ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்து விழுந்து ரயில் நின்றுபோகும்போது, மண்வெட்டியோடு இறங்குகிறவர்கள் பாதைப் பணியாளர்கள். ஹைட்ரஜன் வந்து மண் அள்ளப்போவதில்லை.

பாரம்பரிய ரயில் என்றால் முதலில் பாதை, பிறகுதான் வண்டி. இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மக்கள். டாலிலின் என்ற குறுகிய பாதை ரயில் 1950-இல் உரிமையாளர் இறந்ததும் மூடப்படும் நிலைக்கு வந்தது. தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் முன்னின்று ஒரு சங்கத்தைத் திரட்டினார். 1951 மே மாதம் சங்கமே ரயிலை ஓட்டியது. உலகிலேயே தன்னார்வலர்கள் காப்பாற்றி நடத்திய முதல் ரயில் அதுதான். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையை மாற்றியதும் தண்டவாளத்தை நிமிர்த்தியதும் விடுமுறையில் வந்த சாதாரண ஆட்கள்.

அதைவிடப் பெரிய கதை அருகிலேயே இருக்கும் ஃபெஸ்டினியாக் ரயிலுடையது. அகலம் 60 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் மீட்டர் கேஜ்கூட அதன் முன் அகலப் பாதைதான். மின்நிலையத்துக்காக நீர்த்தேக்கம் கட்டிய அரசு நிறுவனம் அதன் மேல்பகுதியை மூழ்கடித்துவிட்டது. நஷ்டஈடு வழக்கு 1954-இல் தொடங்கி 1972 வரை நடந்தது. தீர்ப்பு வரட்டும் என்று அந்த ரயிலின் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 1965 ஜனவரியில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக மலைச்சரிவில் இறங்கினார்கள். நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு புதிதாக நான்கு கிலோமீட்டர் பாதை வெட்டினார்கள். உயரம் பிடிப்பதற்காகப் பாதை தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி, தன் மேலேயே பாலம் போட்டு ஏறுகிறது. குகை குடைவதற்கு மட்டும் சுரங்க வல்லுநர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். 1978-இல் அந்தப் பாதையில் ரயில் வந்தது. பதின்மூன்று ஆண்டு! அந்த ரயிலுக்கும் 2021-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அங்கே இன்றும் கட்டை மாற்றத் தன்னார்வலர்கள் வருகிறார்கள்.

கட்டை மாற்றுவது மாயவித்தை இல்லை. பழைய கட்டையின் பிடிமானங்களைக் கழற்ற வேண்டும். இருபுறமும் ஜல்லியைத் தோண்டி எடுக்க வேண்டும். கட்டையைப் பக்கவாட்டில் உருவிவிட்டு, அதே குழியில் புதுக்கட்டையைச் செருகி இறுக்க வேண்டும். பிறகு கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்திக் குத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். கடைசியில் மேஸ்திரி கேஜ் வைத்து அகலம் பார்ப்பார். குனிந்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்ப்பார். தேர்ச்சி அந்தக் கண்ணில் இருக்கிறது. மற்றதெல்லாம் முதுகுவலி. அந்த முதுகுவலியைப் பங்குபோட்டுக்கொள்ள மக்கள் வரத் தயார் என்றால், வராதே என்று சொல்ல ரயில்வே அதிகாரிகள் யார்?

மக்கள் பாதைக்கு வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை, எங்கள் ஊரையே பாருங்கள். எங்கள் கோட்டைப்பட்டினத்துக்கு ரயிலடி என்றால் அது அறந்தாங்கிதான். அந்த ரயிலை எங்களுக்குத் தந்தது லண்டனில் இருந்த கம்பெனி அல்ல. அன்றைக்கு அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா. மிராசுதாரும் குடியானவரும் நிலத்தீர்வையோடு சேர்த்துக் கட்டிய ரயில்வே வரியைக் கொண்டு தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை அது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்து, 1903 முடிவதற்குள் அறந்தாங்கியைத் தொட்டது. ஊரார் பணத்தில் வந்த மீட்டர் கேஜ். 2012-இல் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். அகலப்பாதை வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்களும்தான். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் நினைவுக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் பழைய பாதையை, ஏதாவது ஒரு நிலையத்தின் ஓரத்தில் விட்டுவைக்கக்கூடாதா? வரி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும்.

அகலப்பாதை வந்த பிறகு நடந்தது என்ன? 2019-இல் அறந்தாங்கி வழியாகத் திருவாரூர் - காரைக்குடி ரயில் ஓடத் தொடங்கியபோது கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே ஏறிவந்த பணியாளர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கிக் கதவைச் சாத்துவார். ரயில் நகர்ந்து தாண்டி நிற்கும். இன்னொருவர் கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று கேட் மூட ஆள் போடக் காசில்லாத நிர்வாகத்திடம் இன்று ஹைட்ரஜனுக்குக் கோடிகள் இருக்கின்றன.

தன்னார்வலர்கள் என்றதும் முகம் சுளிக்கும் அதிகாரிகள் சொல்வது ஒன்றே ஒன்று: பாதுகாப்பு. 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவை எடுத்து நீட்டுவார்கள். அனுமதியின்றி ரயில்வே இடத்துக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதியின்றி என்றுதானே சட்டம் சொல்கிறது. அனுமதி கொடுங்கள், விஷயம் முடிந்தது. வேலை பறிபோகும் என்று தொழிற்சங்கம் சொல்லும். காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருப்பது நிர்வாகம். ஞாயிற்றுக்கிழமை ஜல்லி அள்ள வருகிறவர் யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்வதில்லை. நம் மக்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் சரிவரும் என்று சொல்கிறவர்களோ நம் ஊர்களைப் பார்த்ததே இல்லாதவர்கள்.

குடிமராமத்து எங்கே நடந்தது? ஏரியும் கண்மாயும் ஊரார் கையால் தூர்வாரப்பட்ட மண் இது. எங்கள் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் தானாக வராது. வாய்க்காலைத் தானே வெட்டினால்தான் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் படகையும் கூரையையும் ஒருசேரக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே, எங்கள் அறந்தாங்கி ரயில் பாதையில் இருக்கும் பேராவூரணியில் இளைஞர்கள் 'கைஃபா' என்ற அமைப்பாகக் கூடி, ஊர் ஊராக நன்கொடை திரட்டி, 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். எல்லாவற்றையும் இழந்து நின்ற நேரத்தில் செய்தார்கள். அவர்களால் ஒரு கட்டையை மாற்ற முடியாதா?

ஏரிகளில் குடிமராமத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் மீண்டும் கொண்டுவந்தது. அது ஒப்பந்தக்காரர் கைக்குப் போனது என்ற புகார் உண்டு. அப்படியும் ஏரியில் ஊராருக்கு உரிமை உண்டு என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. ரயில்வே இன்னும் அதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. மலை ரயிலை நேசிக்கிறவர்கள் மனுக் கொடுக்கலாம், நிலையத்தில் இனிப்பு வழங்கலாம், படம் எடுக்கலாம். தண்டவாளத்தில் கை வைக்கக்கூடாது.

குன்னூருக்கு மேலே உதகை வரை பல்சட்டம் இல்லை. சாதாரண மீட்டர் கேஜ் பாதைதான். அங்கே தொடங்குங்கள். மாதம் இரண்டு ஞாயிறு, பாதைப் பொறியாளரின் பொறுப்பில், மேஸ்திரியின் கண்பார்வையில். பணி ஓய்வு பெற்ற கேங்மேன்கள் திருச்சியிலும் மதுரையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க அவர்களை அழையுங்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் வருவார்கள், நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் வருவார்கள், அறந்தாங்கியிலிருந்தும் ஆள் வரும். ஐந்தே ஆண்டுகளில் குன்னூர் - உதகைப் பாதை முழுவதையும் புதுப்பித்துவிடலாம். ஹைட்ரஜன் திட்டத்தை இன்றே கைவிட்டு, அந்த 150 கோடியைப் புதுக்கட்டைக்கும் ஜல்லிக்கும் கேங்மேன் சம்பளத்துக்கும் மாற்றுங்கள். அதற்கும் ரயில்வே வாரியத்துக்கு மனமில்லை என்றால், நீலகிரி ரயிலை மக்கள் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும். ஜில்லா போர்டால் ரயில் பாதை போட முடிந்த நாட்டில், மக்களால் அதைக் காப்பாற்றவும் முடியும்.