செக்றோலில் பேர் இருந்தால்தான் வைத்தியமா?

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளில் லயங்களில் வாழும் நம் மக்கள் நோயுற்றால் முதலில் நாடும் இடம் தோட்டத்து மருந்துச்சாலை. செக்றோலில் பேர் உள்ளவனுக்கு அங்கே வைத்தியம் கடமையாகக் கிடைக்கிறது; பேர் இல்லாதவனுக்கோ தயவாகவே கிடைக்கிறது. கடமைக்கும் தயவுக்கும் இடையே உள்ள தூரத்தை நோயாளியின் வீட்டாரே அறிவர்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகாதாரத்தைத் தோட்டத் துரையின் பொறுப்பாக்கியது. உழைப்பதற்கு ஆள் உயிரோடிருக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். பின்னர் நாட்டில் இலவச வைத்தியம் பரவிற்று; கிராமங்களில் அரசாங்க வைத்தியசாலைகள் எழுந்தன. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, வாக்கையும் இழந்த தோட்ட மக்களுக்காகக் கேட்பார் இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக் குறையைத் தீர்த்தது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்றதும் உண்டு. ஆயினும் பல தோட்டங்களில் முதல் மருந்து இன்றும் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. வேலையையும் மருந்தையும் ஒரே கயிற்றில் கட்டினால், நோய் வேலையை அறுக்கும்போது மருந்தும் அறுந்து விழுகிறது. மிகத் தேவையான வேளையில் துணை நீங்குகிறது. இது முதற்கேடு. லயங்களில் வாழ்வோரிற் பெரும்பாலார் இன்று தோட்டத்தில் பேர் பதிந்தவரல்லர். முதியோர், கொழும்புக் கடைகளில் உழைத்துத் திரும்பும் இளைஞர், தேயிலைச் செடிகளைப் பங்கிட்டுப் பெற்றுத் தொழிலாளி என்னும் நிலையை இழந்த குடும்பத்தினர் ஆகியோரின் கதி என்ன? இது இரண்டாவது. சுகவீன விடுப்புக்குச் சான்று தரும் மருத்துவ உதவியாளர் நிர்வாகத்திடம் சம்பளம் பெறுபவர். பெரட்டுக்களத்தின் ஆட்கணக்குக்கும் நோயாளியின் நலனுக்கும் இடையே அவர் நிற்க நேர்கிறது. இது மூன்றாவது.

தோட்டத்துக்கு வெளியே உள்ளோர், இது நமக்கு என்ன என்று இருந்துவிடலாகாது. கம்பனிக் காப்புறுதி பெறும் உத்தியோகத்தரே, அது வேலையை விடும் நாளோடு முடிவதன்றோ? வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயிக்கு முதலாளியே இல்லை. அவர் பேரை எந்தச் செக்றோலில் எழுதுவது? செல்வம் மிக்க அமெரிக்காவில் 1942இல் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியபோது, முதலாளிகள் அதற்கு ஈடாகக் காப்புறுதி வழங்கலாயினர். அன்று விழுந்த முடிச்சால், வேலை போனவுடன் காப்புறுதியும் போகும் அச்சம் அங்கே இன்றும் தீரவில்லை. பிரித்தானியாவோ 1948 ஜூலை 5 முதல் வைத்தியத்தை எல்லோர்க்கும் பொதுவாக்கிற்று. நம் நாட்டிலும் 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ், நோயாளியின் முதலாளி யார் என்று கேட்பதில்லை.

“தோட்ட மருந்துச்சாலை அருகில் இருக்கிறது, அரசு ஏற்றால் அதுவும் பாழாகும்” என்பர் சிலர். அருகில் இருப்பது நன்மையே. ஆகவே இடம் மாற வேண்டாம், பொறுப்பு மாறட்டும். ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களம் மருந்துச்சாலைகளை ஏற்று, பட்டம் பெற்ற வைத்தியரையும் தமிழறிந்த மருத்துவிச்சியையும் அமர்த்துக. கம்பனிகள் இன்று செய்யும் செலவை அதற்குரிய நிதியாகச் செலுத்துக. பாழாகாமற் காப்பது நம் வாக்கின் வேலை. 1950களில் அவ்வாக்கு நம்மிடம் இல்லை, இன்று இருக்கிறது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வருவோரிடம் இதனை முதற் கேள்வியாகக் கேட்போமாக!