விரல் நின்ற இடம்

ரசனை என்பது மனிதன் பிறக்கும்போதே கொண்டுவருகிற சொத்தன்று. முதல் தடவை கசந்ததை மறுமுறை பொறுமையோடு அணுகி, மூன்றாம் முறை அதிலேயே ஒரு சுவையைக் கண்டு, முன்பு தான் கொண்டாடியவற்றைக் குறித்துச் சற்றே வெட்கமும் அடைகிற நீண்ட அப்பியாசத்தின் விளைவு அது. குறுங்காணொளிகளைத் தேர்ந்து நம் கைபேசியில் வரிசையாக அனுப்பும் அல்காரிதத்துக்கு இந்த அப்பியாசம் முதிரும்வரை காத்திருக்க அவகாசமில்லை.

எதை முடிவுவரை பார்த்தோம், எதை மீண்டும் ஓடவிட்டோம், எதை நண்பருக்கு அனுப்பினோம், எதைப் பாதியில் தள்ளினோம் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, நம்மைப் போலவே நடந்துகொண்ட முகமறியாத பலர் அடுத்து எதில் லயித்தார்களோ அதையே அது நமக்கும் பரிமாறுகிறது. தெருச்சண்டையைக் கண்டு நின்றவனெல்லாம் சண்டைப்பிரியன் அல்லன் என்பது நம்மவர் அறிந்த சாமானிய விவேகம். அந்தக் கணக்கிலோ, அருவருப்பால் நின்றாலும் ஆனந்தத்தால் நின்றாலும், விரல் நின்றது நின்றதுதான். இப்படித் திரண்ட தயக்கங்களின் கூட்டுத்தொகைக்கே இன்று பொதுஜன ரசனை என்று பெயர்.

2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடுக்கச் சொன்னதும், அம்மாதமே அத்தடை நீங்கியதும், 2020 ஜூன் 29 அன்று மத்திய சர்க்கார் விலக்கிய 59 செயலிகளுள் அதுவும் ஒன்றானதும் நினைவிருக்கலாம். ஆபாசமும் தேசப் பாதுகாப்பும் அப்போது விவாதிக்கப்பட்டன. அளக்கும் முறையை விசாரித்தவர் அரிது. ஆகவே சில மாதங்களுக்குள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் வந்து அமர்ந்தபோது, கடையின் பெயர்ப்பலகை மாறியதே தவிர, தராசு மாறவில்லை. இன்று சமையல் குறிப்பு சொல்பவரும் மேடைப் பிரசங்கியும் ஒருங்கே அத்தராசுக்கு ஏற்பத் தம் முதல் வாக்கியத்தைக் கூர்தீட்டுகிறார்கள். 'ஆயினும்' என்று தொடங்கும் இரண்டாம் வாக்கியத்துக்கு இடமின்றிப் போகவே, அபிப்பிராயங்களும் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன.

1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை, கவிதையே அன்று எனப் பலர் ஒதுக்கிய புதுக்கவிதையை விடாமல் பிரசுரித்தது. வாசகர் நின்ற இடத்திலேயே தானும் நின்றிருந்தால் அது அக்காரியத்தைச் செய்திருக்க முடியாது.

இவ்விதழிலும், முதல் வாசிப்பில் உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய கட்டுரை ஒன்றேனும் உண்டு. அது கவனக்குறைவால் நேர்ந்ததன்று.