டியூட்டர் அறையில் நடக்கும் பாடம்



மே 12 செவிலியர் நாள். வார்டில் நிற்பவர்களை வாழ்த்தும்போது, அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களையும் இந்த ஆண்டு சேர்த்து வாழ்த்துவோம்.

பல வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர், எம்.எஸ்சி. முடித்து நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேர்கிறார். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடக்கூடியவர், வகுப்பில் தடுமாறுகிறார். இது இயல்புதான். கைதேர்ந்த செவிலியரும் பழக்கமில்லாத சூழலுக்குப் போனால் கற்றுக்குட்டியின் நிலைக்கு இறங்கக்கூடும் என்று செவிலியர் கல்வி ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984-லேயே எழுதிவிட்டார்.

வார்டில் ஒரு மாணவி முதன்முதலாக ஐ.வி. ஊசி போடுகிறாள். கை நடுங்குகிறது. ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகப்போவது பக்கத்தில் நிற்கும் டியூட்டருக்குத் தெரிகிறது. "நகரும்மா, நான் போடறேன்" என்று வாங்கிக்கொள்ளக் கை பரபரக்கிறது. வாங்கினால் நோயாளிக்கு வலி மிச்சம். வாங்காவிட்டால் அந்தப் பெண் கற்றுக்கொள்வாள். எவ்வளவு நேரம் பொறுப்பது? புதியவர் இதை மதியம் டியூட்டர் அறையில், சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்பார். "ஒரு தடவை தவறினா நான் வாங்கிக்குவேன். அதை முன்னாடியே நோயாளிகிட்டயும் பிள்ளைகிட்டயும் சொல்லிடுவேன்" என்பார் மூத்த டியூட்டர். இப்படிப்பட்ட பேச்சுகளில்தான் ஒரு செவிலியர், ஆசிரியராகவும் ஆகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

மானுடவியலாளர் ஜீன் லேவும் கல்வி ஆய்வாளர் எட்டியென் வெங்கரும் 1991-இல் வெளியிட்ட நூல், தொழில் செய்பவர்களோடு கூட இருந்தே ஒருவர் கற்பதை விளக்குகிறது. அதில் மெக்சிகோவின் யுகடான் பகுதி மருத்துவச்சிகள் வருகிறார்கள். மருத்துவச்சிக் குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு யாரும் வகுப்பெடுப்பதில்லை. சேதி சொல்லப் போகிறாள், வேண்டிய சாமான் வாங்கி வருகிறாள், அம்மா கர்ப்பிணிகளுக்கு உருவிவிடும்போது ஓரமாக இருந்து பார்க்கிறாள். ஓரத்தில் இருந்தவள் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்துவிடுகிறாள். செய்யக் கற்பதும், தான் இன்னார் என்று உணர்வதும் அவளுக்கு ஒன்றாகவே நடக்கின்றன.

டியூட்டருக்கும் அப்படி வார்டில் ஓர் இடம் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் செவிலியர் பள்ளி 1909-இல் தொடங்கியது; பட்டப்படிப்பு 1946-இல். அங்கே நர்சிங் ஆசிரியர்களுக்கு வார்டுப் பொறுப்பும் உண்டு. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கல்லூரி தனி, ஆஸ்பத்திரி தனி என்று இருக்கும் இடங்களில் டியூட்டர் வார்டுக்குள் விருந்தாளிபோல நுழைய வேண்டியிருக்கிறது. ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு அவர் வெளியாள். அவருக்கே தான் இன்னும் நர்ஸ்தானா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

இப்படிக் கூடிக் கற்பது நல்லதை மட்டும் கற்றுத்தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாணவியை நோயாளி எதிரே திட்டும் பழக்கமும் மூத்தவரிடமிருந்தே இளையவருக்கு வருகிறது. 'எங்களையும் இப்படித்தான் திட்டினாங்க' என்ற ஒற்றை வரியில் அது அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. அதை நிறுத்தவும் கூடிப் பேசும் இடம் வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கு என் வேண்டுகோள் இது: வாரத்தில் ஒரு பீரியடை, லாக் புக் திருத்தவோ இன்டர்னல் மார்க் போடவோ இல்லாமல், டியூட்டர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே டைம்டேபிளில் ஒதுக்குங்கள். புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேச விடுங்கள். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே அப்படி நடக்கிறதென்றால், அங்கே என்ன பேசுகிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்